கரடியின் காரும் பச்சை விளக்கும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. பெயர் அம்பலவாணன். கரடி என்றால் தேனைத் தேடி அலையும் என்பது பழைய கதை. இந்தக் கரடி கார் வாங்கியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து காடே கரடியை 'அவர்' என்று சொன்னதால் நாமும் அப்படியே சொல்லிவைப்போம், நமக்கேன் வம்பு.

"அவசர ஆத்திரத்துக்கு வீட்டுல ஒரு வண்டி வேணும்ல?" என்று சொல்லித்தான் வாங்கினார். ஆனால் வெயிலில் எடுத்தால் பெயிண்ட் மங்கும், மழையில் எடுத்தால் சேறு அடிக்கும். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. யாராவது பக்கத்தில் போனால், "தொடாதே, நகம் படும்!" என்று உறுமுவார். ஆயுத பூஜையன்று மட்டும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். கார் அதன்மேல் ஏறி இறங்கும். வருடம் முழுக்க அது ஓடிய தூரம் அவ்வளவுதான்.

இந்த வருடம் அதற்கும் வழியில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது, அடங்கிவிட்டது. கடைசியில் நாலு காட்டெருமைகள் பின்னாலிருந்து தள்ளித்தான் பழம் நசுங்கியது. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவிச் சிரித்தன. அம்பலவாணனுக்கு மானம் போய்விட்டது. நிறைமாதமாக இருந்த அவர் மனைவி செண்பகத்துக்கோ பயம் வந்துவிட்டது.

"ஏங்க, என் பிரசவத்துக்காவது இது ஓடுமா?"

"நிக்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கத்தான் செய்யும் அண்ணே," என்றது லோடு ஆட்டோ ஓட்டும் கழுதை சுடலைமுத்து. "வாரத்துக்கு ஒருதடவை ஆத்தங்கரை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. சரியாகிடும்."

"ஓட்டவாடா கார் வாங்கினேன்?" என்றார் அம்பலவாணன்.

நேராக நரியின் கடைக்குப் போனார். நரி முதலில் ஒரு புது பேட்டரியை அவர் தலையில் கட்டியது. பிறகு கேட்டது: "அடுத்து என்ன வேணும் சார்? சார்ஜரா, மெயின்டெய்னரா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சார்ஜர் மாமியார் வீட்டு விருந்து மாதிரி சார். போதும் போதும்னாலும் ஊத்திக்கிட்டே இருக்கும், பேட்டரி வெந்துடும். மெயின்டெய்னர் நிறைஞ்சா நிறுத்திக்கும், குறைஞ்சா கொஞ்சமா ஊத்தும். மாசக்கணக்கா மாட்டியே வைக்கலாம். இதோ, இது உங்க பேட்டரிக்குச் சரியாப் பொருந்தும். எவ்வளவு ஏறியிருக்குன்னு எண்ணாவே காட்டும்."

"எண் கிடக்கட்டும். நிறைஞ்சா பச்சை விளக்கு எரியறது எது? தெருவுல போறவங்களுக்குத் தெரியுமா?"

நரி தன் ஆயுளில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. "தெரு என்ன சார், அடுத்த மலைக்கே தெரியும்!" என்று சொல்லி, விலையையும் அந்த உயரத்துக்கே ஏற்றியது.

அன்றிலிருந்து அம்பலவாணன் ஒரு நாற்காலி போட்டுப் பச்சை விளக்கின் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"ஏங்க, என் வயித்தையும் கொஞ்சம் பாருங்க," என்றாள் செண்பகம்.

"உனக்கென்ன கவலை? வலி வந்தா சாவியை ஒரு திருப்பு. அதுக்குத்தானே இவ்வளவும்!"

ஐப்பசி மழை கொட்டிய ஒரு மத்தியானம் வலி வந்தது. அம்பலவாணன் ஓடிப்போய் மெயின்டெய்னரின் கிளிப்புகளைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தார். கணுக்கால் ஆழத்துக்குச் சேறு.

"செண்பகம், மழை விடற வரைக்கும் பொறுத்துக்கிறியா?"

அவள் போட்ட கூச்சலில் பாதையில் போய்க்கொண்டிருந்த சுடலைமுத்து பிரேக் அடித்தது. "ஏறுங்க அண்ணி!" என்று வெங்காய மூட்டைகளை ஒதுக்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியது.

"நீங்க முன்னாடி போங்க, இதோ வந்துட்டேன்," என்றார் அம்பலவாணன். காரை அணைத்தார். கிளிப்புகளைத் திரும்ப மாட்டினார். ஒருமுறை கிளப்பியதில் கொஞ்சம் சார்ஜ் குறைந்து விளக்கு மஞ்சளாக எரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஆஸ்பத்திரிக்கு முந்தின வளைவிலேயே, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் குட்டி பிறந்துவிட்டது. அம்பலவாணன் குடை பிடித்துக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது தாயும் பிள்ளையும் கட்டிலில் இருந்தார்கள்.

"எங்க போயிட்டீங்க?"

"பச்சை வரட்டும்னு நின்னேன்."

செண்பகம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஆசையோடு குட்டியை வாங்கக் கையை நீட்டியதும் அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தொடாதீங்க. நகம் படும்."

பழைய கதையாக இருந்தால் கரடிக்கு இந்த இடத்தில் புத்தி வந்திருக்கும். நம் கரடி வீட்டுக்குப் போய்க் காட்டையே கூப்பிட்டுச் சாவியைத் திருப்பிக் காட்டினார். ஒரே திருப்பு! காடு கைதட்டியது. மறுநாள் நரியின் கடை வாசலில் நீண்ட வரிசை. கார் இல்லாத ஆமையும் அதில் நின்றது. "வண்டி மெதுவா வாங்கிக்கலாம், முதல்ல விளக்கு எரியட்டும்," என்றது.

செண்பகம் குட்டியைத் தூக்கிக்கொண்டு சுடலைமுத்துவின் லோடு ஆட்டோவிலேயே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்பலவாணன் வாசலில் நின்று பார்த்தார். காரில் போய் அழைத்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். பாதை இன்னும் காயவில்லை.

நீதி: அவசரத்துக்கென்று வாங்கிய பொருளை அவசரத்தில் எடுத்துவிடாதே, அடுத்த அவசரத்துக்கு அது புதுசாக இருக்க வேண்டாமா?