டாக்டர் முன் ஓர் ஆடிட்

ஹோமியோபதியில் நோயைப் பார்த்து மருந்து தருவதில்லை, நோயாளி நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே தருகிறார்கள் என்று அப்போது எங்கள் குடும்பம் நம்பியது. அந்த நம்பிக்கையில் பெரிய பிழை இல்லை. ஆகவே டாக்டர் முன் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தோமே, அதுதான் பிழை.

என் கணவர் பனியன் கம்பெனி ஒன்றில் மேனேஜர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு முதல் நாளே பாடம் நடத்துபவர். அதே கம்பெனியில், தைத்து வரும் பனியன்களில் பிழை பார்க்கும் செக்கிங் மேசையில் நான் இருந்தேன். கையிலும் கழுத்திலும் எனக்குத் தடிப்புகள் கிளம்பவே, பக்கத்து மேசைப் பெண்கள் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளி நின்றார்கள். குணமாகாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். அந்த மேசையை விட எனக்கு மனமில்லை.

கிளினிக்குக்குப் போகும் வழியில் எனக்கும் பாடம் நடந்தது.

"கோவம் வருமான்னு கேப்பாங்க. வராதுங்கன்னு சொல்லோணும். சிரிச்ச மூஞ்சியா இரு அம்மிணி."

காத்திருந்த அறையில் ஒரு மின்விசிறி. அது ஓடினால் எனக்கு அரிக்கும். ஓடாவிட்டால் அவருக்கு வேர்க்கும். நான் அணைத்தேன், அவர் போட்டார். ஐந்தாவது முறை என் பொறுமை போயிற்று.

"ஏனுங்க, இவ சொறிஞ்சே சாகட்டும்னு இருக்கறீங்களா?" (தெருவரைக்கும் கேட்டிருக்கும்.)

உள்ளே அழைத்ததும் சிரிப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

"கோபம் வருமாம்மா?" என்றார் டாக்டர்.

"வராதுங்க."

"அழுகை?"

"இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்குதுங்க."

பக்கத்தில் கணவர் திருப்தியாகத் தலையாட்டினார். டாக்டர் பேனாவை மூடினார்.

"நடுவுல இருக்கற தடுப்பு வெறும் பிளைவுட்டுங்க. வெளிய நடந்தது பூராக் கேட்டுது. இப்ப நான் எந்த அம்மாவுக்கு மருந்து குடுக்கறதுங்க?"

எனக்கே தெரியவில்லை. அழுகை வந்தது, அழும்போதே சிரிப்பும் வந்தது. "இன்னைக்கு மட்டுந்தானுங்க இப்படி," என்று கணவர், ஆடிட்டர்களிடம் கெஞ்சும் அதே குரலில் சொன்னார். டாக்டர் அவரையும் நிதானமாகப் பார்த்தார், பெயர் கேட்டார், எழுதினார். சர்க்கரை உருண்டைக் குப்பிகள் இரண்டு வந்தன.

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றார் கணவர்.

"அவங்களும் அதைத்தானுங்க சொன்னாங்க."

இருவரும் சாப்பிட்டோம். ஒரு மாதத்தில் தடிப்பு அடங்கியது. மேசையும் எனக்கே மிஞ்சியது. என் குப்பியாலா, அவர் குப்பியாலா, அந்த அழுகையாலா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் யாராவது "எல்லாம் நல்லா இருக்குது" என்றால், எங்கள் மகள் "ரெண்டு குப்பி!" என்பாள். அவள் திருமணமாகிக் காங்கேயம் போய்விட்டாள். இப்போது போனில் சொல்கிறாள். வீட்டில் நானும் அவரும்தான். மின்விசிறி ஒன்றாம் நம்பரில் ஓடுகிறது.