டிரெய்லர் சாரும் வராத படமும்

தர்மபுரி மாவட்டத்தில், ஏன், தமிழ்நாட்டிலேயே, இன்னும் எடுத்து முடிக்காத படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய ஒரே மனிதர் எங்கள் டிரெய்லர் சார்தான்.

காரிமங்கலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் அவர் மாஸ்டர். நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டும் ஆசை வந்து நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். வகுப்பில் யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால் ஒரு பார்வையிலேயே அடக்கிவிடுவேன். அந்தப் பார்வை டிரெய்லர் சாரிடம் முதல் நாளே தோற்றது.

"டீச்சரம்மா, கிளட்ச்ச மெதுவா வுடுங்க. அவசரமே வேணாம். இப்ப ஒரு படம் வருதுங்க, ஏழு நெலா இருக்குற கெரகம். அங்க ராத்திரியே கெடையாது."

பின் சீட்டில் தன் முறைக்குக் காத்திருந்த கோழிப்பண்ணை பெருமாள் அண்ணன் இதை நிதானமாக யோசித்தார். "அப்ப கோழிங்க எப்பங்க தூங்கும்?"

உலகத்தரமான ஒரு கற்பனையைக் கோழியை வைத்து அளப்பவர்களோடு டிரெய்லர் சார் பேசுவதில்லை.

வானத்தில் பறப்பது, மாயம் மந்திரம், வேற்றுக்கிரகம், காலத்தில் பின்னால் போவது, இந்த நான்கில் ஒன்றாவது இருந்தால்தான் அவருக்கு அது படம். அதிலும் வந்த படம் வேண்டாம். வரப்போகிற படம் வேண்டும். அரை நிமிட டிரெய்லரை நாற்பது முறை பார்த்துவிட்டு மூன்று மணி நேரக் கதை சொல்வார். பெயர் அப்படித்தான் வந்தது. பெயரால் வந்த வம்பும் உண்டு. ஒருமுறை பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் ஸ்கூலுக்கு வந்து, "இங்க டிரெய்லர் இருக்குதுன்னாங்க" என்றார். சார் மகிழ்ந்து போய் நாற்காலி போட்டு உட்காரவைத்து, போனில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். அரை மணி நேரம் நெருப்பு கக்கும் பறவைகளைப் பொறுமையாகப் பார்த்த அந்தப் பெரியவர் கடைசியில், "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா எனக்கு டிராக்டருக்குப் பின்னால மாட்டுற டிரெய்லருங்க. புளி ஏத்தோணும்" என்றார்.

சாரின் மனைவியை ஒருநாள் சந்தையில் பார்த்தேன். "சார் வீட்டிலும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"என்னைய எங்கங்க பாக்குறாரு? நான்தான் ரிலீஸ் ஆயிட்டனே" என்றார் அந்த அம்மா, கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துக்கொண்டே.

தொப்பூர் கணவாய் வகுப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டெஸ்ட்டுக்கு முன்னால் எல்லாரையும் ஒருமுறை அங்கே கூட்டிப்போவது அவர் வழக்கம். இறக்கத்தில் வண்டி போகிறது. முன்னால் இரும்பு ஏற்றிய லாரி. பின்னால் ஒரு டேங்கர், என் முதுகை மோந்து பார்க்கிற தூரத்தில். டிரெய்லர் சார் ஒரு ராஜாவின் பறக்கும் எருமைக்கு இறக்கை எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார். ஒரு கை என் மூக்குக்கு நேரே நிற்கிறது.

"சார், பிரேக்கு."

"அது இன்டர்வெல்லுக்கு அப்பறங்க."

"சார், நம்ம பிரேக்கு."

அவர் தன் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. டேங்கரும் எப்படியோ நின்றது. டிரைவர் இறங்கி வந்து சொன்னதை இந்தப் பத்திரிகை அச்சிடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட டிரெய்லர் சார் என் பக்கம் திரும்பி, "பதினெட்டு அடிங்க, ஒரு பக்கத்துக்கு மட்டும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து ஒரே வேண்டுதல்தான் வைத்தேன்: இந்த மனிதன் ஒரு வாரமாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

வேண்டுதல் பலித்தது. மூன்று வருடமாக அவர் காத்திருந்த அந்த ஏழு நிலாப் படம் வெளியானது. ஸ்கூலுக்கு லீவு போட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு தர்மபுரிக்கு முதல் காட்சிக்குப் போனார். மறுநாள் வகுப்புக்கு நான் சற்று பயத்தோடுதான் போனேன். வகுப்பு முழுக்கக் கதை இருக்கும் என்று நினைத்தேன்.

"கிளட்ச்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "கியர்" என்றார். அவ்வளவுதான்.

"படம் எப்படிங்க சார்?" பெருமாள் அண்ணன்தான் கேட்டார்.

"பாத்தனுங்க."

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. வண்டி ஒழுங்காக ஓடியது. சிக்னல் ஒழுங்காகப் போட்டேன். மற்ற டிரைவிங் ஸ்கூல்களில் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது. நான் நினைத்த நிம்மதி மட்டும் வரவில்லை. பக்கத்தில் ஒரு மனிதர் ரோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டெஸ்ட்டுக்கு நான்கு நாள் இருந்தது. ஒருநாள் வண்டியை நிறுத்தியபோது, "எனக்கு வயசாயிடுச்சுங்களா டீச்சரம்மா?" என்று திடீரென்று கேட்டார். "எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு ஒண்ணுமே ஆவல."

மறுநாள் வகுப்பில், இருபது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த நான், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சார், ஒரு படம் வரப்போவுதாமே. ஒரு ஊர்ல எல்லாரோட நெழலும் ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் போயிடுதாம்."

அரை கிலோமீட்டர் போன பிறகு, "எங்க போவுதுங்க?" என்றார்.

"அது சொல்லலைங்க. சஸ்பென்ஸாம்."

"மலைக்குத்தான் போவும்" என்றார் டிரெய்லர் சார். "வேற எங்க போவும்? ஊர்ல இருக்குறவன் வெயில்ல நிப்பான், நெழலு இல்லாம. அப்ப ஒரு பொண்ணு மட்டும் அதத் தேடிக்கிட்டுக் கெளம்பும். டீச்சரம்மா, லாரி வருது, லெப்ட்ல வாங்க. அந்தப் பொண்ணுக்கு..." இரண்டு கையும் மேலே போயின.

பத்து நாளில் காரிமங்கலம் முழுக்க அந்தப் படம் பரவியது. "டீச்சர், அதுல யானைக்குக்கூட நெழலு இருக்காதாமே" என்று பெருமாள் அண்ணன் எனக்கே சொன்னார். மூன்று பாகம், தீபாவளி ரிலீஸ் என்று சார் தேதிவரை குறித்துவிட்டார். போனில் ஒரு தடவை தேடிப் பார்த்தால் என் குட்டு உடைந்துவிடும். எல்லாப் படத்தையும் போனில் தோண்டி எடுக்கிற மனிதர், இதை மட்டும் இன்றுவரை தேடவில்லை. அதன் டிரெய்லர் எங்கே என்று என்னிடம் கேட்கவும் இல்லை.

டெஸ்ட்டில் பாஸாகி லைசென்ஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது. வியாழக்கிழமை தோறும் இன்னும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டால், ரிவர்ஸ் எடுப்பது இன்னும் சரியாக வரவில்லை என்று சொல்கிறேன்.