எங்கள் மெரினாவில் ஒரு பெண் பார்க்கும் படலம்

பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குள் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். சுற்றிச் சுவர் இருக்க வேண்டும், மேலே ஃபேன் ஓட வேண்டும், முக்கியமாகக் காலுக்குக் கீழே தரை அசையாமல் இருக்க வேண்டும். இந்தச் சாதாரண உண்மை என் அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். நானோ பட்டுப்புடவை மடிப்பு கலையக் கூடாது என்ற ஒரே கவலையில் இருந்தேன். (அந்த மடிப்புக்கு என்ன கதி ஆயிற்று என்று நீங்களே பார்ப்பீர்கள்.)

ஓசூருக்கு வெளியே, கம்பெனிகள் முடிந்து கர்நாடகா தொடங்குவதற்குள் இருக்கும் ஏரியில் எங்கள் குடும்பம் படகுத்துறை நடத்துகிறது. எங்கள் ஆட்கள் அதே ஏரியில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர்கள். கரையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு மாமனோ மச்சானோதான் திறப்பார். சுற்றிலும் கம்பெனி வந்த பிறகு ஏரியில் மீன் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று தெரியாத குடும்பங்கள் ஊரில் கூடின. கம்பெனியில் வெல்டராக இருந்த அப்பா, இனிமேல் வலை வீச வேண்டியது இவர்களுக்குத்தான் என்று முடிவு செய்து படகு வாங்கினார். படகுகள் நிற்கிற இடத்துக்கு இங்கிலீஷில் மெரினா என்று பெயர் என யாரோ சொல்லிவிட, பெயர்ப் பலகையில் பெரிதாக ‘மெரினா’ என்று எழுதி மாட்டினார். இன்றுவரை வருகிறவர்களில் பாதிப் பேர் சுண்டல் எங்கே என்று கேட்கிறார்கள். ஒருவர் அலை எப்போது வரும் என்று விசாரித்தார்.

எங்கள் கடற்படையின் பெருமை, காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகு. ஒருமுறை அதன் கழுத்து ஒடிந்துவிட்டது. அப்பா தகரத்தில் புதுக் கழுத்து செய்து பொருத்தினார். பொருத்தியது பின்பக்கம் திரும்பி. அன்றிலிருந்து அன்னம், ஏறி உட்கார்ந்தவர்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டு போகும். “வந்தவங்க மூஞ்சியப் பாக்குது பாப்பா, அதுதான் மரியாதை” என்றார் அப்பா.

நான் வாரநாட்களில் கம்பெனிக்குப் போவேன், ஞாயிறானால் துறையில் நிற்பேன். எனக்கு வந்த வரன்களெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தட்டிப்போயின. கல்யாணத்துக்குப் பிறகு பெண் துறைக்குப் போகக் கூடாது என்பார்கள், நான் போவேன் என்பேன், காபியோடு கதை முடிந்துவிடும். அப்போதுதான் கர்நாடகா பக்கம் ஆனேக்கல்லிலிருந்து மஞ்சுநாத் வரனாக வந்தார். எங்கள் ஆட்கள்தான். தாத்தா காலத்தில் அந்தப் பக்கம் போய், வீட்டில் கன்னடமே பேச்சாகிப்போன குடும்பம். போனில் பேசிப் பேசி எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது, அவருக்கும் அப்படித்தான். மீதியெல்லாம் அவருடைய அம்மா கையில். இடத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றிருந்தார் அந்தம்மா. அவருக்கு எங்கள் துறை பிடிக்காவிட்டால், மஞ்சுவா ஏரியா என்று நான் முடிவு செய்தாக வேண்டும். 

அந்தம்மா காரைவிட்டு இறங்கியதிலிருந்து எங்களுக்காகச் சிரமப்பட்டுத் தமிழில்தான் பேசினார். அப்பா உச்சி குளிர்ந்துபோய், அன்னத்தில் ஒரு சுற்று போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மஞ்சு முதலில் ஏறி உட்கார்ந்தார். நான் துறையின் படகேறும் பலகையில் நின்று, அந்தம்மாவின் கையைப் பிடித்து ஏற்றினேன். அவர் ஒரு காலை அன்னத்துக்குள் வைத்து நிமிர்ந்தபோது, தகரத் தலை அவரை முறைத்தது. அவர் தயங்கி நின்றார். அந்த நேரம் பார்த்து, ஏற்கெனவே பதற்றத்தில் கால் நடுங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பெடலை மிதித்துவிட்டார்.

படகு நகர்ந்தது. அந்தம்மாவுக்கு ஒரு கால் அன்னத்தில், ஒரு கால் பலகையில். இடையில் ஏரி அகலமாகிக்கொண்டே போனது.

“கை பிடி! கை பிடி!” என்றார்.

பதறினால் யாருக்கும் தாய்மொழிதான் வாயில் வரும். அவர் சொன்னது கன்னடம். கன்னடத்தில் ‘பிடி’ என்றால் விடுங்கள் என்று அர்த்தம். ‘பிடு’ என்று ஒருமையில் சொல்லியிருந்தால் எனக்குச் சட்டென்று புரிந்திருக்கும், நானும் கன்னடம் கேட்டு வளர்ந்தவள்தான். பெண் பார்க்க வந்த இடமாயிற்றே என்று, அந்த நிலையிலும் எனக்கு மரியாதை கொடுத்து ‘பிடி’ என்றார். நான் கையை விட்டிருந்தால் அவர் பாட்டுக்குப் படகில் உட்கார்ந்திருப்பார். எனக்கோ அது தமிழாகக் கேட்டது. அதிலும் எங்கள் துறையில் எல்லாரும் ‘புடி’ என்போமே தவிர ‘பிடி’ என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஆபத்திலும் எவ்வளவு சுத்தமான தமிழ் என்று வியந்து, கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அம்மா சொல்வதைக் கேட்ட மஞ்சுவும் படகிலிருந்து “பிடி, பிடி” என்று கெஞ்சினார். கரையிலிருந்து அப்பா, “அவங்கதான் சொல்றாங்கல்ல பாப்பா, நல்லா புடி” என்றார். இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்லும்போது மறுக்க நான் யார்? இரண்டு கையாலும் பிடித்தேன்.

இருவரும் சேர்ந்தேதான் விழுந்தோம். நல்லவேளையாக இடுப்பளவு தண்ணீர். அந்தம்மா எழுந்தபோது தலையில் ஒரு கொத்து ஆகாயத்தாமரை, பூவோடு இருந்தது. அம்மாவைக் காப்பாற்ற மஞ்சு குதித்தார். சரியாகக் கட்டாத லைஃப் ஜாக்கெட் மேலேறி முகத்தை மூடிக்கொள்ள, கண் தெரியாமல் ஏரியின் நடுப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். அந்தம்மாவின் கையை விடாமலே, மறு கையால் அவர் காலரைப் பிடித்து இழுத்து வந்தவள், மடிப்புக் கலையக் கூடாதென்று பட்டுப்புடவை கட்டியிருந்தவள்தான். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா இந்த நாளுக்காக ஒரு கேள்வியை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். வேறென்ன பேசுவதென்று தெரியாமல், பலகையில் நின்றபடி அதையே கேட்டுவிட்டார். “எங்க எடம் புடிச்சிருக்குங்களா?”

அந்தம்மா அப்பாவைப் பார்த்தார். இன்னும் தன் கையை விடாத என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு விஷயம் விளங்கியது. சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிற்க முடியவில்லை. தாங்கலுக்கு அன்னத்தின் கழுத்தைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது.

கழுத்தை நேராக மாட்டினால் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்கே மாட்டினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையும் என்னோடு துறைக்கு வந்துவிடுவார். எல்லாரையும் வாங்க, போங்க என்று பேசுகிறவர், மஞ்சுவைக்கூடச் சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவார். என்னை மட்டும் வா, போதான். மருமகளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று உறவுக்காரர்கள் யாராவது கேட்டுவிட்டால் போதும், கதையை முதலிலிருந்து சொல்லி இப்படி முடிப்பார்:

“ஒரே ஒரு தடவ குடுத்தேன். ஏரியில தள்ளிட்டா.”