மாமரத்தடிக் கத்தோலிக்கன்

பிளாசிடோ பேருக்குத்தான் கத்தோலிக்கன் என்று என்னைப் பற்றி என் மனைவி எஸ்பெரான்சா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அநியாயம்! ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் நான். என்ன, கோவிலுக்குள் போவதில்லை. வாசல் மாமரத்தடியில் நிற்பேன். எங்கள் கோவா கிராமத்தில் ஆம்பிளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் பூசை காண்கிறார்கள். என் தகப்பனாரும் அதே மரத்தடியில்தான் நின்றார். அவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

மகள் லவீனாவின் கல்யாணம் நெருங்கியதும் சண்டை முற்றியது.

"கல்யாணப் பூசைல நீ பாதிரியார் கையால நன்மை அப்பம் வாங்கணும். அதுக்கு முன்னாடி பாதிரியார் உட்கார்ற கூண்டுல போய், பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. கடைசியா எப்போ பண்ணின?"

"நம்ம கல்யாணத்துக்கு."

"அதுக்கப்புறம் பாவமே பண்ணலையா?"

"அதுக்கப்புறம் தண்டனைதான்."

முறைத்தாள். எனக்கும் கோபம் தலைக்கேறியது.

"முட்டி தேய ஜெபமாலை சொல்லிட்டு, எழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரியைக் கிழிகிழின்னு கிழிக்கிறியே, நீ பக்தை! சும்மா நிக்கிற நான் பாவியா? மரத்தடியும் கோவில்தான்டி! உயிரே போனாலும் அந்தக் கூண்டு முன்னாடி மண்டி போட மாட்டேன்!"

"மரத்தடியும் கோவில்தானா? சரி," என்று அடங்கிவிட்டாள். ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு கிளாஸ் ஃபெனி கூடுதலாக ஊற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், நான் நிற்கிற இடத்தில் பீடம்! வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, எதிரே வரிசை வரிசையாக நாற்காலி. பன்றிக்கறிக்கடை ருஜார் பேயறைந்த மாதிரி நின்றான்.

"என்னடா இது?"

"மே மாச வெக்கையாம், பூசை இன்னைக்கு வெளியிலயாம். உன் பெண்டாட்டிதான் பாதிரியாருக்கு யோசனை சொன்னாளாம். மரத்தடியும் கோவில்தான்னு நீயே சொன்னியாமே! நல்லா இருப்பேடா நீ!"

எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு மரம். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்! முதல் வரிசையில் எஸ்பெரான்சா. பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. விசிறியால் அதைத் தட்டி, வா என்றாள். என் பிணம்கூட அங்கே உட்காராது. பாட்டு ஆரம்பித்த சந்தடியில் மெல்ல நழுவினேன்.

ஊரே வெளியே உட்கார்ந்திருக்கும்போது ஒளிய ஒரே இடம்தான் காலி. கோவில்!

பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனேன். ஈ காக்கை இல்லை. குளுகுளுவென்று இருந்தது. இருட்டு மூலையில், திரை போட்ட மரக்கூண்டு ஓரமாக ஒரு பெஞ்சு. காலை நீட்டிச் சாய்ந்தேன். ஊரையே வெளியே கொண்டுபோய் உட்காரவைத்தும் என்னைப் பிடிக்க முடியவில்லை பார் அவளால்!

கூண்டுக்குள் யாரோ கனைத்தார்கள். திரை விலகியது. பக்கத்து ஊர்க் கிழட்டுப் பாதிரியார்.

"வாப்பா பிளாசிடோ. பாட்டு ஆரம்பிச்சதும் வந்துடுவேன்னு உன் வீட்டுக்காரி சொல்லியிருந்தா. மண்டி போடு."