எதிர்க் கட்டடம் விலை சொல்லும் வரை

ஒரு பொருளைச் செய்வது ஒரு வேலை. அதை விற்பது இன்னொரு வேலை. இவை இரண்டையும்விட உயர்ந்த வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு வியூகம் என்று பெயர். பெங்களூரில் அந்த வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் பின்பக்கம் சாயும் நாற்காலி கொடுப்பார்கள்.

எங்கள் தும்பி நிறுவனம் டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் தயாரிக்கிறது. ஓசூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம். எம்.டி. ரகுராமின் உரைகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. கைதட்டல் வந்தால் அது அவருக்குச் சேரும், கொட்டாவி வந்தால் மறுநாள் என்னைக் கூப்பிடுவார்.

எங்களுக்கு நேர் எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம், இன்னொரு கண்ணாடிக் கட்டடம். அவர்களும் கன்சோல்தான் தயாரிக்கிறார்கள். அவர்களுடைய பெயரை எங்கள் அலுவலகத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை உண்டு. ஆகவே 'எதிர்க் கட்டடம்' என்று சொல்வோம். அங்கே எங்களையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது.

ரகுராமின் வியூகம் எளிமையானது. முதலில் விலை சொல்பவன் மாட்டிக்கொள்வான். இரண்டாவதாகச் சொல்பவன் அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிச் சந்தையையே அள்ளிக்கொண்டு போவான். எனவே தும்பி இரண்டாவதாகத்தான் வரும். இந்த உயர்ந்த லட்சியத்துக்காக ஒரு தனித் துறையே ஏற்படுத்தப்பட்டது. அந்தத் துறையினர் காலையில் வந்ததும் ஜன்னல் திரையை லேசாக விலக்கி எதிர்க் கட்டடத்தைப் பார்ப்பார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்ப்பார்கள். பார்த்ததை மாதம் ஒருமுறை படம் போட்டு விளக்குவார்கள்.

அந்தத் துறையின் திறமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எதிர்க் கட்டடத்தில் ஊழியர்கள் நின்றுகொண்டே மீட்டிங் நடத்துவதைக் கண்டுபிடித்தார்கள். அன்றே எங்கள் நாற்காலிகள் பறிபோயின. நாங்கள் ஒரு நாயை வேலைக்கு எடுத்து, 'மகிழ்ச்சிக்கான தலைமை அதிகாரி' என்று கழுத்தில் அடையாள அட்டை மாட்டினோம். மறு வாரமே எதிர்க் கட்டடத்தில் இரண்டு நாய்கள் தென்பட்டன. அவசரக் கூட்டம் கூடி நன்கு ஆலோசித்து, எங்கள் நாய்க்குப் பதவி உயர்வு கொடுத்தோம். என்னைவிட இரண்டு படி மேலே போய்விட்டது. இப்போதும் லிஃப்டில் அது முதலில் ஏறட்டும் என்று ஒதுங்கி நிற்கிறேன்.

இத்தனைக்கும் கன்சோல் எப்போதோ தயார். அத்திபெலே குடோனில் கூரை வரைக்கும் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்த வாடிக்கையாளர்கள் இதுவரை பெருச்சாளிகள் மட்டும்தான்.

இதில் உண்மையாக வயிறெரிந்தவர் ஒருவர்தான், குணசேகர். கன்சோலை வடிவமைத்துச் செய்து முடித்த இன்ஜினியர். கோலார் தங்கவயல்காரர். அவருடைய தாத்தா பூமிக்குள் இறங்கி ஆயுசு முழுக்கத் தங்கம் எடுத்தார், வீட்டில் ஒரு குண்டுமணி கிடையாது. பேரனுக்கும் அதே கதை. வெளியீட்டுக்கு முன் ஒரு பெட்டிகூடக் குடோனைத் தாண்டக் கூடாது என்பது விதி. "முதல் பெட்டி உனக்குத்தான்" என்று மகள் ஜெனிஃபரிடம் அவர் சொன்னபோது அவள் மூன்றாம் வகுப்பு. இப்போது அவள் ஏழாம் வகுப்பு. இன்னும் ஓரிரு வருடம் போனால் அவள் கேட்பதையே நிறுத்திவிடுவாள் என்று அந்த மனிதர் பயந்தார். அந்தப் பயத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

ஒருநாள் நேராக ரகுராமின் அறைக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், பெட்டி ரெடி. கேம் ரெடி. இன்னாத்துக்கு சார் வெயிட் பண்றோம்?"

"ரெடியா இருக்கிறதாலதான் குணா வெயிட் பண்ண முடியுது. ரெடியாகலைன்னா அதுக்குப் பேரு டிலே."

"அவங்க வரவே இல்லைன்னா?"

"வராம எப்படி? நாம வந்துடுவோமோன்னு பயந்துக்கிட்டே இருப்பாங்க. ஸ்வல்ப பொறுமையா இருங்க."

குணசேகர் வெளியே வந்து, இரண்டு கட்டடத்துக்கும் பொதுவான மூலை ஹோட்டலுக்குப் போனார். அங்கே பை-டூ காபி விசேஷம். ஒரு காபியை இரண்டு கப்பில் ஊற்றித் தருவார்கள். பாதி காபிக்குத் துணை தேடிப் பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கேட்டார். அவர் ஸ்ரீரஞ்சனி, எதிர்க் கட்டடத்தில் கன்சோல் செய்து முடித்தவர். அவருடைய பெட்டிகளும் ஆனேக்கல் பக்கம் ஒரு குடோனில் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் மகள் ஷ்ரேயாவும் ஜெனிஃபரும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் இரண்டு பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நல்லவர்கள் சேர்ந்தால் ஒரு திட்டம் பிறக்கும். நான் அங்கே போயிடறேன், நீங்க இங்கே வந்துடுங்க, எதிராளி ரெடின்னு சொல்லி ஆளுக்கொரு பக்கம் உள்ளேயிருந்து தள்ளுவோம் என்று பேசி முடித்தார்கள். பெங்களூரில் கம்பெனி மாறுவது சட்டை மாற்றுவதைவிடச் சுலபம். சட்டை மாற்றினால் யாரும் சம்பளம் கூட்டித் தருவதில்லை. நோட்டீஸ் காலம் முடிந்ததும் இருவரும் எதிரும் புதிருமாக ரோட்டைக் கடந்தார்கள். போகிற போக்கில் கையசைத்துக்கொண்டதாகக் கேள்வி.

குணசேகர் எதிர்க் கட்டடத்து எம்.டி.யிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்: தும்பி தயார், பெட்டிகள் அத்திபெலேயில் இருக்கின்றன, நாம் முந்திக்கொள்ள வேண்டும். அந்த எம்.டி. ஆனந்தத்தில் குணசேகரைக் கட்டிக்கொண்டாராம். தயாராக இருந்தால் இன்றோ நாளையோ விலை சொல்லிவிடுவார்கள் அல்லவா, இனி நாம் நிம்மதியாகக் காத்திருக்கலாம் என்றாராம். இந்தப் பக்கம் ஸ்ரீரஞ்சனி ரகுராமிடம் சொன்னதும் அதுவே, ரகுராம் மகிழ்ந்ததும் அதற்கே. அரிய தகவல் கொண்டுவந்ததற்காக இருவரும் அவரவர் புது இடத்தில் 'துணைத் தலைவர், வியூகம்' ஆனார்கள். அறை கிடைத்தது. கார் கிடைத்தது. கம்பெனிப் பங்குகளும் கிடைத்தன.

ஆனாலும் அவர்கள் மனம் தளரவில்லை. மறுபடி பை-டூ காபி. ஒரே நாள், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் வெளியிட்டால் யார் முந்தி யார் பிந்தி என்ற கேள்வியே இல்லையே? இரண்டு எம்.டி.க்களும் இதற்குச் சம்மதித்தார்கள். ஏன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தார்கள் என்று அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

வெளியீட்டு விழா நாள். ரோட்டின் இரண்டு பக்கமும் மேடை. இரண்டு எம்.டி.க்களும் கறுப்பு டீ-ஷர்ட், காதில் ஒரு சின்ன ஒலிவாங்கி. இரண்டு பக்கமும் குழந்தைகளோடு கூட்டம். ஜெனிஃபர் அந்தப் பக்கம் முதல் வரிசையில், ஷ்ரேயா இந்தப் பக்கம் முதல் வரிசையில்.

ரகுராம் நான் எழுதிக் கொடுத்த உரையைச் சிறப்பாகப் பேசி முடித்து, "இதோ, நீங்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் விலை" என்று நிறுத்தினார். எதிர் மேடையைப் பார்த்தார். அங்கேயும் "இதோ விலை" என்று நிறுத்திவிட்டு ஒருவர் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார். ரகுராம் மேடைக்குக் கீழே என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். உரைக்கு இன்னொரு பக்கம் வேண்டுமாம்.

எழுதினேன். மனிதன் விளையாடத் தொடங்கிய வரலாறு போயிற்று. எதிர் மேடை சிந்துவெளிக்குப் போனது. நாங்கள் அதற்கும் முந்திய குகைக்குப் போனோம். எதிர்க் கட்டடத்து எம்.டி. தன் அம்மாவுக்கு நன்றி சொன்னார். ரகுராம் அம்மா, மாமியார், ஒன்றாம் வகுப்பு டீச்சர் வரை சொன்னார். கடைசியில் எழுத எதுவும் இல்லாமல், முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் நல்ல கைதட்டல். குழந்தைகள் வரிசையாகத் தூங்கிப்போனார்கள். வேடிக்கை பார்க்க நின்ற வண்டிகளால் ஓசூர் ரோடு சில்க் போர்டு சந்திப்பு வரை அடைத்துக்கொண்டது. ரகுராமின் குரல் கம்மி, "விலை... விலை..." என்று திணறிய சமயத்தில் பெங்களூர் மழை பிடித்துக்கொண்டது. மழை காரணமாக விழா ஒத்திவைக்கப்படுகிறது என்று இரண்டு மேடையிலும் ஒரே மூச்சில் அறிவித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

மறுநாள் வணிகப் பத்திரிகைகள் கொண்டாடின. விலையே சொல்லாமல் ஒரு நாள் முழுக்க மக்களை நிற்கவைத்த நிறுவனங்கள் என்றன. முதலீட்டாளர்கள் விழுந்தடித்து வந்தார்கள். இரண்டு கம்பெனிகளின் மதிப்பும் இரட்டிப்பானது. விற்றிருந்தால் லாபமா நஷ்டமா என்று தெரிந்துபோயிருக்கும். விற்காததால் நம்பிக்கைக்கு எல்லையே இல்லை. இரண்டு துணைத் தலைவர்களையும் கௌரவிக்க, ஆளுக்கொரு பெட்டி வீட்டுக்கு எடுத்துப்போகச் சிறப்பு அனுமதி தரப்பட்டது.

போன வாரம் குணசேகர் எனக்குத் தன் காரில் லிஃப்ட் கொடுத்தார். இருவருக்கும் வீடு அல்சூர் பக்கம். பையை வைக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே பிரிக்காத கன்சோல் பெட்டி ஒன்று, மேலே தூசி படிந்து.

"இன்னும் வீட்டுக்குள்ள கொண்டு போகலையா?" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். தன் வீட்டு வாசல் வந்ததும், இறங்கி ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உள்ளே கூட்டிப்போனார். ஜெனிஃபர் ஹாலில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியை, வழக்கமான நம்பிக்கை இல்லாமல் கேட்டாள்.

"பெட்டி எப்போப்பா வரும்?"

"வரும்மா. மொதல்ல ஷ்ரேயா வீட்டுக்கு வரட்டும், பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"அவங்கம்மாவும் அதான்பா சொல்றாங்க. ஜெனிஃபர் வீட்டுக்கு மொதல்ல வரட்டும்னு. அவங்க கார்லயே வெச்சிருக்காங்களாம்."

குணசேகரின் முகம் மலர்ந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த மகிழ்ச்சி அது. அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, போனை எடுத்து அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினார்: 'எதிர்க் கட்டடம் இன்னும் காத்திருக்கிறது. நம்பகமான வட்டாரம்.' ஜெனிஃபர் மறுபடி புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள்.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, என் போனில் ரகுராமுக்கு அதையே அனுப்பினேன்.