இரண்டு புள்ளி தொண்ணூற்றெட்டு

இந்தக் கதையை என் மனைவி கல்பனா போகிற கல்யாணத்திலெல்லாம் சொல்லிவிட்டாள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. நானே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

அப்போது ஜாலான் புசாரில், ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில், தானியங்கி இயந்திரங்கள் செய்து தரும் சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் புரொபேஷன். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று கல்பனாவின் அப்பா சொல்லியிருந்தார். (நியாயமான மனிதர். அதுதான் தொல்லை.)

என் கைக்கு வந்த முதல் வேலை, ஒரு தொழிற்சாலையின் ஸ்பாஞ்ச் வளையங்களின் தடிமனைத் தானாகவே அளக்கும் இயந்திரம். தடிமன் மூன்று மில்லிமீட்டர். ஒரு தலைமுடி அளவுதான் கூடலாம், குறையலாம். எதைக் கொண்டு நகர்த்துவது, எதைக் கொண்டு அளப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

"மேல ஒரு லேசர், கீழ ஒரு லேசர் வச்சா சேஃப் தானே லா?" என்று முதலாளி ஜோசப் சார் இழுத்தார்.

"சார், லேசர் தூரத்துல நின்னு எட்டிப் பாக்கும். தொட்டுப் பாத்தாதான் உண்மை தெரியும்" என்றேன். அந்த வாயை அன்றே தைத்திருக்கலாம்.

காற்றழுத்தத்தில் சடாரென்று இறங்கும் சிலிண்டர், அதன் முனையில் தொட்டு அளக்கும் சென்சார். இதுதான் என் தேர்வு. சென்சார் அடித்தட்டில் மோதி உடையக் கூடாதே என்று, 2.98-க்குக் கீழே இறங்காதபடி ஒரு தடுப்பும் வைத்தேன். விதவிதமான எஃகுத் தகடுகளை வைத்துச் சோதித்தேன். எல்லாவற்றுக்கும் அச்சடித்தது போல் சரியான அளவு. ஸ்பாஞ்சை வைத்துப் பார்த்தேனா? இல்லை. எஃகையே அளக்கிறது, ஸ்பாஞ்ச் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

ஜோசப் சாரோடு தொழிற்சாலைக்குப் போய் இயக்கிக் காட்டிய நாளன்று, அங்குள்ள தரப் பரிசோதகர் மல்லிகா அக்கா பசியாறக்கூட நேரமில்லாமல், கையில் காயா என்ற தேங்காய் ஜாம் தடவிய ரொட்டியோடு வந்தார். பத்து வளையங்களைக் கொடுத்தார்.

டக். 2.98. பச்சை விளக்கு. டக். 2.98. பச்சை விளக்கு. பத்தும் அப்படியே. என் மனதில் கல்யாணப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது.

"எல்லாமே ஒரே அளவா தம்பி?"

"உங்க புரொடக்‌ஷன் அவ்வளவு பெர்ஃபெக்ட் அக்கா!"

"அதுல மூணு, நான் வேணும்னே தடிமனா வெட்டுனது."

அக்கா தன் ரொட்டியை வளையம் இருந்த இடத்தில் வைத்து, பொத்தானை அழுத்தினார்.

டக். 2.98. பச்சை விளக்கு. சென்சாரிலிருந்து காயா சொட்டியது.

"பசியாற வச்சிருந்ததும் பாஸ் ஆயிடுச்சு லா" என்றார், ஜோசப் சாரைப் பார்த்து.

எஃகு எதிர்த்து நின்றது. ஸ்பாஞ்ச் பாவம், நசுங்கிக் கொடுத்தது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் தடுப்பு வரை அமுக்கிவிட்டு, அந்தத் தடுப்பின் உயரத்தையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது வேனில் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது, "இன்னும் மூணு மாசம் புரொபேஷன்" என்றார் ஜோசப் சார். கல்பனாவுக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அந்த மூன்று மாதத்தில், மெதுவாக நகரும் சர்வோ மோட்டாரும் இரண்டு லேசர்களுமாக இயந்திரத்தை மாற்றிக் கட்டினேன். மல்லிகா அக்கா முதலில் ரொட்டியைத்தான் வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகே கையெழுத்துப் போட்டார். கல்யாணமும் மூன்று மாதம் தள்ளித்தான் நடந்தது.

இப்போது எங்கள் மார்சிலிங் வீட்டில் 2.98 ஓர் அன்றாடச் சொல். வேலை முடிந்து நசுங்கி வரும் என்னிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் நான் சொல்லும் பதில் அதுதான்: உள்ளே நசுங்கல், வெளியே பச்சை விளக்கு. கல்பனா மேற்கொண்டு கேட்காமல் தேநீர் போடுவாள்.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்த மகள் பையை வீசிவிட்டு சோபாவில் விழுந்தாள். "என்ன ஆச்சும்மா?" என்றேன்.

"2.98, அப்பா."

அதற்கு மேல் அமுக்கிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. சோபாவின் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் கல்பனா வந்து உட்கார்ந்தாள். இருவரும் தொடாமல், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சொல்றேன். முதல்ல ரெண்டு லேசரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க லா."