பிரோக்லாவின் காசு

மனைவி சொல்வதற்கெல்லாம் இனித் தலையாட்டுவதில்லை என்று நுமேரியுஸ் தீர்மானித்தது, மன்னர் கொலையுண்ட செய்தி ஓஸ்தியா துறைமுகத்துக்கு வந்த அன்று. தீர்மானம் மத்தியானச் சாப்பாடு வரை தாங்கியது.

செத்த மன்னரின் பெயரும் முகமும் எங்கும் இருக்கக்கூடாது என்று ரோமிலிருந்து ஆணை. சிலைகளுக்கு மூக்கு போயிற்று. காசைப் பற்றி ஆணையில் ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் பயந்தவர்கள் வெண்கலக் காசிலிருந்த முகத்தையும் உளியால் கொத்தினார்கள். பயப்படுவதில் அவர் மனைவி ரூஃபில்லா யாருக்கும் இளைத்தவள் இல்லை. வீட்டுக் காசையெல்லாம் முற்றத்தில் கொட்டச் சொன்னாள்.

கயிறு திரிக்கும் நுமேரியுஸுக்கு ஒரே ஒரு காசைப் பற்றித்தான் கவலை. மகள் பிரோக்லா கையைவிட்டு இறக்காத காசு. முகமா கப்பலா என்று சுண்டி விளையாடுவாள். சூரியக் கதிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் கிரீடம் வைத்த மன்னரைத் 'தலை வாராத மாமா' என்பாள். ஆறு வயதில் காய்ச்சல் கொண்டுபோயிற்று. செத்தவர்களை மறுகரை சேர்க்கும் படகோட்டிக்குக் கூலியாகப் பிள்ளையின் வாயில் வைக்க வேறொரு காசை ரூஃபில்லாவிடம் கொடுத்துவிட்டு, இதைச் சணல் மூட்டைக்குள் ஒளித்துவைத்தார். இரண்டு வருஷமாகத் தினமும் எடுத்து முத்தமிடுகிறார்.

பிரோக்லாவின் காசு எங்கே என்று ரூஃபில்லா கேட்டபோது, அதே அச்சில் வந்த வேறொன்றை அழுதபடி நீட்டினார். அழுகையை நடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பார்க்காமலே ஒரு கொத்துக் கொத்தினாள். பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் இது முதல் வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப சணல் மூட்டையில இருக்கறதையும் கொண்டாங்க."

"எந்த மூட்டை?"

"தினம் போயி மூக்கை உறிஞ்சுவீங்களே, அந்த மூட்டை."

கொண்டுவந்தார். ஆனால் கையைத் திறக்கவில்லை.

"தரமாட்டேன். என்னை நாடு கடத்தட்டும். ஓரத்துல அவ கடிச்ச தடம் இருக்கு."

ரூஃபில்லா உளியைக் கீழே வைத்தாள்.

"அது நான் ஆணியால போட்ட தடம்."

அவர் மூடிய கையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சிதைக்குத் தூக்கறதுக்கு முன்னாடியே மூட்டையில மாத்திட்டேன். வேற காசை வாயில வெச்சிருந்தா அவ துப்பியிருப்பா. உங்க கையிலயும் ஏதாவது இருக்கட்டும்னுதான்..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நுமேரியுஸின் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. உள்ளங்கையில் கிடந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப இது?"

"மீன்காரன் குடுத்த சில்லறை."